வீட்டில் இருந்தாலும் அவர் வகுப்பில் இருக்கிறார்

கடந்த வருடம் நமது மாவட்டக் கூட்டமொன்றில் ஒரு பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தினோம். கொழுந்து பறிக்கும் தாயின் மகள். உயர்தரம், பல்கலைக்கழகம், ஆசிரியர் நியமனம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, இணையவழியில் முதுமாணிப் பட்டம் படிக்க இடம் பெற்றவர். மேடையில் இருந்த அத்தனை பேரும் பேசினோம். "லயத்திலிருந்து முதுமாணி வரை" என்று ஒருவர் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. ஐந்து மாதம் கழித்து எம்மில் ஒருவர் அவரை பஸ் நிலையத்தில் கண்டு, படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். "அத விட்டுட்டேன் அண்ணே" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. பரீட்சையில் தோற்கவும் இல்லை. பரீட்சை வரை போகவே இல்லை. பிறகொரு நாள் வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் பேசியபோதுதான் விடயம் வெளியே வந்தது. வகுப்பு சனி, ஞாயிறு பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. அந்த லயத்துக்குப் பீலியில் தண்ணீர் வருவதும் அந்த நேரந்தான். அம்மா மலையிலிருந்து வந்து கால் நீட்டும் நேரம். தம்பி டிவி போடும் நேரம். காதில் வயரை மாட்டிக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், "படிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு போன நோண்டிக்கிட்டு இருக்கா" என்று இஸ்தோப்பில் இருந்து ஒரு குரல். அரைவாசி வகுப்பில் எழுந்து போய்க் குடம் வைத்துவிட்டு வந்தால் விரிவுரையாளர் வேறொரு பக்கத்தில் நிற்பார். இரண்டு மாதத்தில் நான்கு ஒப்படைகள் பின்தங்கின. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய முதல் தவணைப் பணமும் போனது.

இதில் நமக்கும் பங்கிருக்கிறது. அந்தப் பிள்ளையை மாதர் பிரிவுக் கூட்டத்துக்கு மூன்று முறை சனிக்கிழமை பின்னேரம் அழைத்தது நாம்தான். "வகுப்பு இருக்கு" என்று அவர் சொன்னபோது, "ஒன்லைன்தானே, வீட்டுலதானே இருக்க, ஒரு மணித்தியாலம் வந்துட்டுப் போ" என்று சொன்னதும் நாம்தான். பொன்னாடை போர்த்திய அதே கை, வகுப்பிலிருந்தும் இழுத்து எடுத்தது. அதனால் இந்தக் கட்டுரையை யாருக்கும் புத்தி சொல்ல எழுதவில்லை. முதலில் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

இடம் கிடைத்த நாள் நாம் கொண்டாடும் நாள். ஆனால் இணையவழிப் படிப்பில் ஆள் நிற்பதும் விழுவதும் அதற்கு அடுத்த ஓரிரு மாதத்தில். அந்த நாட்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நாம் யாரும் பார்ப்பதில்லை. பேராதனைக்கோ கொழும்புக்கோ பெட்டி கட்டிக்கொண்டு போகிற பிள்ளையை வழியனுப்புகிறோம். அது படிக்கப் போய்விட்டது என்று மனது ஏற்றுக்கொள்கிறது. இணையவழியில் படிக்கிற பிள்ளை எங்கேயும் போவதில்லை. கண்ணுக்கு முன்னால் அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. படிக்கிறது என்று நம்புவதற்கு நமக்குப் பழக்கம் இல்லை.

இந்தப் படிப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நமது நாட்டின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. பாடநெறி மூலமான முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிட். ஆக 1500 மணித்தியாலம். வகுப்பில் இருக்கும் நேரம் மட்டுமல்ல, வாசிப்பதும் எழுதுவதும் சேர்ந்த கணக்கு இது. நமது எட்டு மணித்தியால வேலைநாளால் பிரித்தால் 187 பேருக்கும் மேல். வேலைக்குப் போய்க்கொண்டே இதை ஒரு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம், இரண்டு வருடமென்றால் 14 அல்லது 15. வாரத்தில் ஆறு மணித்தியாலம் சூம் வகுப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டு வருடப் படிப்பிலும் மீதி எட்டு, ஒன்பது மணித்தியாலம் யார் கண்ணிலும் படாத வேலை. அந்த நேரத்தைத்தான் நாம் ஓய்வு என்று நினைத்துக் கடைக்கு அனுப்புகிறோம்.

இந்தக் கணக்கால் இன்னொரு பயனும் உண்டு. ஆறு மாதத்தில் முதுமாணி, பரீட்சை இல்லை, வேலைக்கும் போகலாம் என்று யாராவது துண்டுப்பிரசுரம் கொடுத்தால், 1500 மணித்தியாலத்தை 26 வாரத்தால் பிரித்துப் பாருங்கள். வாரத்துக்கு 57 மணித்தியாலத்துக்கும் மேல் வரும். வேலை செய்கிற மனிதனால் முடியாது. ஒன்று அது முதுமாணி இல்லை, அல்லது படிப்பு இல்லை. பணம் கட்டுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமென்றால் இது இன்னும் அவசியம். ஆசிரியராக இருப்பவர்கள் வலயக் கல்வி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பட்டம் உண்மையாக இருந்தும் பதவி உயர்வுக்குக் கணக்கில் வராமல் போனால் அதுவும் நட்டந்தான். தரகர் காட்டுகிற வண்ணப் படத்தில் உள்ள கட்டடத்தைப் பார்த்து நகையை அடகு வைக்க வேண்டாம்.

நமக்குக் கிட்ட உள்ள வழிகளையும் மறந்துவிடக் கூடாது. நாவலையில் தலைமையிடம் கொண்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் தூரக் கல்விக்கென்றே நடக்கிறது. கண்டியில் பிராந்திய நிலையமும் ஹட்டனில் கற்கை நிலையமும் உண்டு. பட்டதாரி ஆசிரியர்களுக்கான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்கலாம். எல்லாம் திரையில் மட்டும் நடக்கும் படிப்பைவிட, மாதத்தில் ஒரு நாளாவது போய் முகம் பார்த்துக் கேட்கக்கூடிய இடம் இருப்பது, முதன்முறையாக இறங்குகிற நமது பிள்ளைகளுக்கு நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

இனி, சேர்ந்துவிட்ட பிள்ளைகளோடு கொஞ்சம் பேச வேண்டும்.

தம்பி, தங்கச்சி, முதல் வாரத்தில் பாடத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாணவர் இலக்கம், பல்கலைக்கழகம் தருகிற மின்னஞ்சல், கற்றல் தளத்துக்கான கடவுச்சொல், இந்த மூன்றையும் ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் குறியீடு கைத்தொலைபேசிக்குத்தான் வரும். ஆகவே இலக்கத்தை மாற்றுவதற்கு முன் தளத்திலும் மாற்றிவிடுங்கள். சிம் தொலைந்து, உள்ளே போக முடியாமல், இரண்டு கிழமை வீணாக்கியவர்கள் நமது தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். அறிவித்தல்கள் வட்ஸ்அப் குழுவில் வரும் என்று இருந்துவிடாதீர்கள். உத்தியோகபூர்வமானது மின்னஞ்சலுக்குத்தான் வரும். தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

மாணவர் கைநூல் என்று ஒன்று தருவார்கள். யாரும் வாசிப்பதில்லை. ஒப்படை பிந்தினால் எத்தனை புள்ளி வெட்டுவார்கள், நோய் வந்தால் என்ன கடிதம் கொடுக்க வேண்டும், படிப்பை ஒரு தவணைக்கு ஒத்திவைக்க முடியுமா, பணம் கட்டப் பிந்தினால் என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பொன்னாடை போர்த்திய பிள்ளை அதை வாசிக்கவில்லை. நாமும் வாசிக்கச் சொல்லவில்லை. ஒத்திவைக்க ஒரு வழி இருந்தது என்பதை, எல்லாம் முடிந்த பிறகு அவரோடு உட்கார்ந்து அந்தக் கைநூலைப் புரட்டும்போதுதான் கண்டோம்.

ஒப்படை கொடுக்க வேண்டிய திகதிகளைக் கடைக்காரர் தந்த சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். கைத்தொலைபேசிக்குள் இருந்தால் உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். சுவரில் இருந்தால் வீட்டுக்கே தெரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமென்றால் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம். இங்கிலாந்தின் இரவு 11.59 என்பது அங்கே குளிர் காலத்தில் நமக்கு மறுநாள் காலை 5.29, கோடையில் 4.29. பெரட்டுக்கு முன் அனுப்பி முடிக்க வேண்டிய வேலை. கடைசி இரவில் மின்சாரத்தை நம்பாதீர்கள். ஆனி, ஆடி மழையில் ஒரு மரம் வயர் மேல் சாய்ந்தால் எத்தனை மணித்தியாலம் இருட்டு என்று நமக்குத் தெரியாததா?

டேட்டாவைப் பற்றி இரண்டு வார்த்தை. விரிவுரையாளர் அனுமதித்தால் உங்கள் வீடியோவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். செலவு நன்றாகக் குறையும். சிக்னல் இல்லாமல் தவறிய வகுப்பின் பதிவு தளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இவையெல்லாம் கைவேலை, ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகக் கடினமானது வேறொன்று. நமது பாடசாலைகளில் நாம் பழகிய இரண்டு விடயங்கள் இந்தப் படிப்பில் காலை வாரிவிடும்.

ஒன்று, பேசாமல் இருப்பது. சேர் கேட்டால் மட்டும் எழும்பிப் பதில் சொல்வது நல்ல பிள்ளையின் அடையாளம் என்று வளர்ந்தோம். துரைக்கு முன்னால் வாய் திறக்காமல் இருந்த நம் பாட்டன் பாட்டியின் பயம் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்றே நினைக்கிறோம். சூம் வகுப்பில் பேசாமல் இருப்பவர் இருக்கிறாரா இல்லையா என்றே விரிவுரையாளருக்குத் தெரியாது. நேரில் கேட்கக் கூச்சமென்றால் எழுதிக் கேளுங்கள். பெயர், மாணவர் இலக்கம், எந்தப் பாடம், எந்தப் பக்கத்தில் எது விளங்கவில்லை என்று நான்கு வரி போதும். ஆங்கிலம் பிழையாக இருக்குமே என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். கேள்வி விளங்கினால் அவர்களுக்குப் போதும். முதல் மாதத்திலேயே ஒரு தடவை எழுதிவிட்டால், பிறகு உண்மையான பிரச்சினை வரும்போது எழுதக் கை கூசாது.

மற்றது, பார்த்து எழுதுவது. சேர் கரும்பலகையில் எழுதிய குறிப்பை ஒரு எழுத்துப் பிசகாமல் பரீட்சையில் எழுதி நாம் ஏ எடுத்தோம். பட்டப்பின்படிப்பில் அதற்குப் பெயர் களவு. இன்னொருவர் எழுதியதை அவர் பெயர் சொல்லாமல் எடுத்தால், டர்னிட்டின் போன்ற மென்பொருள் வரிக்கு வரி ஒத்திருப்பதைக் காட்டிவிடும். நமது பிள்ளைகள் ஏமாற்ற நினைத்து மாட்டிக்கொள்வதில்லை; நல்ல பிள்ளையாக இருக்க நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். வாசிக்கும்போதே யார் எழுதியது, எந்த வருடம், எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, விளங்கியதை உங்கள் அம்மாவுக்குச் சொல்வதுபோலத் தமிழில் சொல்லிப் பார்த்து, அதன் பின் ஆங்கிலத்தில் எழுதுங்கள். சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு விதி. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திறந்ததும் முதல் பந்தியிலேயே பத்துத் தெரியாத சொல் வரும். தமிழ்மொழி மூலம் படித்து வந்த எல்லோருக்கும் அப்படித்தான். முதல் தடவை சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் வாசியுங்கள். இவர் என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்த பிறகு நடுவில் இறங்கினால் வழி தெரியும். எல்லாவற்றையும் அகராதி பார்த்து வாசிக்கப் போனால் இரண்டாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும்.

வீட்டாருக்கும் சொல்ல இருக்கிறது. மேசை இல்லாவிட்டால் பெட்டியின் மேல் பலகை போட்டுக்கூடப் படிக்கலாம். ஆனால் கூப்பிடாமல் இருக்கும் மூன்று மணித்தியாலத்தை வேறு எங்கேயும் வாங்க முடியாது. இரண்டு காம்பராவில் ஆறு பேர் இருக்கும் இடத்தில் அமைதியைக் கேட்பது பெரிய விடயம் என்று நமக்குத் தெரியும். இருந்தாலும் ஆண் பிள்ளை படித்தால் "தம்பி படிக்குது, சத்தம் போடாதீங்க" என்று சொல்லும் வீடுகளில், பெண் பிள்ளை படிக்கும்போது மட்டும் அடுப்பு ஏன் அணைகிறது, குழந்தை ஏன் அழுகிறது? திருமணமாகிப் போன வீட்டில் இது இன்னும் கஷ்டம். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் சனிக்கிழமைத் தண்ணீரைப் பற்றிக் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவனுக்கும் கை இருக்குதானே" என்று மகன் பக்கம் திரும்பினார். தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் கேட்டது.

சங்கத்திலேயே சிலர் எங்களிடம் கேட்டார்கள்: சம்பளப் பிரச்சினை தீரவில்லை, காணி இல்லை, லயம் ஒழுகுகிறது, இதற்கிடையில் முதுமாணிக்கு ஒரு கட்டுரையா? நியாயமான கேள்வி. 1000 ரூபா நாட்சம்பளம் 2021 இல் கைக்கு வர எத்தனை வருடம் வீதியில் நின்றோம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன நாளிலிருந்து, பேச்சுவார்த்தை மேசையில் எதிர்ப்பக்கம் கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் கோப்போடு அமர்கிறார்கள். உற்பத்திச் செலவு இவ்வளவு என்று அவர்கள் ஒரு தாளை நீட்டினால், அந்தத் தாளில் எது உண்மை, எது மறைந்திருக்கிறது என்று நமது பக்கத்திலிருந்து சொல்ல ஆள் வேண்டும். வெளியிலிருந்து கூலிக்குப் பிடித்த ஆளைவிட, அரைப்பேர் என்றால் என்னவென்று வீட்டில் அனுபவித்த ஆள் மேல். எல்லோரும் அப்படிச் சங்கத்துக்கு வருவார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. வராமல் தன் வாழ்க்கையை நன்றாக வாழ்ந்தாலும் சந்தோஷந்தான்.

ஆகவே சங்கம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஊழியர் சேமலாப நிதியில் நமது பங்கு 8 வீதம், தொழில்தருநர் பங்கு 12 வீதம். ஓய்வுக்கு முன் அதில் 30 வீதம் வரை வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் எடுக்க, நிபந்தனைகளோடு சட்டம் இடம் தருகிறது. பிள்ளையின் உயர்படிப்புக்கும் அந்த வழி திறக்கப்பட வேண்டும். அடகுக் கடைக்குப் போகும் சங்கிலி கொஞ்சம் குறையும். 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடியிருந்தபோது, பல்கலைக்கழகக் கற்றல் தளங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கத் தொலைபேசி நிறுவனங்கள் இடம் கொடுத்தன. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது? சிக்னலுக்காக நமது பிள்ளைகள் மலையேறிய படங்களைப் பார்த்து நாடே உச்சுக் கொட்டிய காலம் அது. கொரோனா போய்விட்டது. சிக்னல் இல்லாத டிவிசன்கள் அப்படியேதான் இருக்கின்றன.

கேட்பது கிடைக்கும் வரை சும்மா இருக்க முடியாது என்பதால் ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். மாவட்டக் காரியாலயத்தில் பழைய கொடிகளும் கதிரைகளும் அடைந்து கிடந்த பின்னறையை ஒதுக்கியிருக்கிறோம். இரண்டு மேசை, ஒரு மின்குமிழ், காரியாலயத்தின் இணைய இணைப்பு. சனி, ஞாயிறு பின்னேரம் ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை திறந்திருக்கும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவரின் பிள்ளையாக இருந்தாலும் வரலாம். அட்டை கேட்க மாட்டோம். பெண் பிள்ளைகள் வகுப்பு முடிந்து தனியாகத் திரும்ப வேண்டாம், தெரிந்த ஆட்டோக்காரர் இருவரோடு பேசியிருக்கிறோம். அந்த நேரங்களில் சங்கம் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்றும் தீர்மானித்தாயிற்று. ஒரு மேசையின் கால் ஆடுகிறது, தச்சுவேலை தெரிந்தவர்கள் யாராவது வந்து பார்த்தால் நல்லது.

அந்தப் பிள்ளையோடு சேர்ந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். நடந்ததை நடந்தபடி சொல்லி, அடுத்த அணியோடு சேர இடமுண்டா, கட்டிய பணத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறோம். ஆங்கிலத்தை அவரே எழுதினார். நாம் பக்கத்தில் இருந்து தேநீர் ஊற்றினோம், அவ்வளவுதான். அனுப்பி மூன்று கிழமையாகிறது. பதில் வந்ததும் அடுத்த இதழில் எழுதுகிறோம்.